‘எச்2எஸ்ஐ’ என்று எழுதலாமா? எச்சரிக்கைப் பலகையில் வேதியியல் வாய்ப்பாடு

தொண்ணூறடிச்சாலை கேட்டது:

வணக்கம். மும்பை தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் மாலை வகுப்பு நடத்துகிறேன். எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். நான்கு நாட்களாக மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருக்கிறேன். தமிழும் வேதியியலும் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

எங்கள் தெருவில் பதினான்கு பேர் கழிவுநீர்க் குழிகளைச் சுத்தம் செய்யும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒன்பது பேருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். வேலையிடத்தில் மராத்தியிலும் இந்தியிலும் எச்சரிக்கைப் பலகை உண்டு. தமிழிலும் ஒன்று வேண்டும் என்று இவர்களே கேட்டு வாங்கியிருக்கிறார்கள். யாரோ எழுதிக் கொடுத்த வாசகம், பெயின்டர் கைக்குப் போகும் முன் என்னிடம் வந்தது. அது இது:

“குழிக்குள் எச்2எஸ்ஐ சுவாசிக்காதீர்கள். கோ இருந்தால் உடனே வெளியேறவும். எச்சிஎல்லை ஊற்றக் கூடாது.”

அவர்களில் மூத்தவரை அழைத்து வாசிக்கச் சொன்னேன். பத்தாவது வரை படித்தவர். எச், இரண்டு, எஸ், ஐ என்று ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, “டீச்சர், இந்த ஐ என்ன வாயு?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. எச்2எஸ் என்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு; கடைசி ஐ வெறும் உருபு. அயோடினின் குறியீடு ஆங்கில ஐ. நம் இரண்டாம் வேற்றுமை உருபும் ஐ. காதில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன.

‘கோ’ என்பது அவருக்குப் புரியவேயில்லை. ஆங்கில மூலத்தைப் பார்த்தேன். அங்கே கார்பன் மோனாக்சைடின் வாய்ப்பாடு இருந்தது. சி, ஓ என்ற இரண்டு எழுத்துகளையும் கூட்டிப் படித்து ‘கோ’ ஆக்கிவிட்டார்கள். மூன்றாவது வாக்கியத்தைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. கூட இருந்த இளைஞர் அதை ‘எச்சிலை ஊற்றக் கூடாது’ என்று வாசித்துவிட்டு, குழிக்குள் துப்பக் கூடாது என்று பொருள் சொன்னார். ஆசிட்டைப் பற்றிய எச்சரிக்கை துப்புவதைப் பற்றிய அறிவிப்பாக மாறிவிட்டது.

என் கேள்விகள் இவை. வாய்ப்பாட்டின் மேல் ஐ, ஆல், கு போன்ற உருபுகளை எப்படிச் சேர்ப்பது? நடுவில் சிறு கோடு போட்டால் போதுமா? வாய்ப்பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதலாமா, ஆங்கில எழுத்திலேயே விட வேண்டுமா? அல்லது பலகையில் வாய்ப்பாடே வேண்டாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தவர். முடி நீக்கும் தொட்டித் தண்ணீரும் ஆசிட் தண்ணீரும் ஒரே கால்வாயில் சேரும்போது அழுகிய முட்டை நாற்றம் எழும் என்பார். “நாற்றம் அடிக்கிறவரை பயமில்லை, நாற்றம் நின்றால் ஓடிவிடு” என்பது அவர் வாக்கு. அது சரிதானா என்று தெரிந்தால் அதையும் பலகையில் எழுதிவிடலாம் என்றிருக்கிறேன்.

பழைய அச்சுக்கோப்பாளர் எழுதியது:

அம்மா, நீங்கள் பெயின்டரை நிறுத்தி வைத்தது நல்ல காரியம். நான் மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் குடியிருக்கிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் அச்சுக்கோப்பும் பிழைதிருத்தமும் பார்த்தவன். பாடக் குறிப்புகள், மருந்துத் துண்டுப் பிரசுரங்கள் என்று வாய்ப்பாடு வரும் வேலைகள் நிறையக் கையில் ஓடியிருக்கின்றன.

வாய்ப்பாட்டின் மேல் உருபை ஏற்றாதீர்கள். அதன் பின்னால் ஒரு தமிழ்ப் பெயர்ச்சொல்லை நிறுத்தி, உருபை அதன் தலையில் வையுங்கள். ‘எச்₂எஸ்ஐ’ என்பதற்குப் பதிலாக ‘எச்₂எஸ் வாயுவை’. அதேபோல் ‘என்ஏஓஎச் கரைசலில்’, ‘எச்₂ஓ மூலக்கூறுகளின்’, ‘சிஓ₂ அளவுக்கு’. வாயு, கரைசல், மூலக்கூறு, அயனி, அளவு என்று ஐந்தாறு சொற்கள் கையில் இருந்தால் எந்த வாக்கியத்தையும் சமாளித்துவிடலாம்.

உருபு ஏன் நேராக ஒட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் உருபு சொல்லின் கடைசி ஒலியைப் பார்த்துத்தான் சேரும். வாய்ப்பாட்டுக்கு அப்படி ஒரே கடைசி ஒலி கிடையாது. சிஓ₂ என்பதை ஒருவர் ‘சி ஓ டூ’ என்பார். அவருக்கு அது டூவை. இன்னொருவர் ‘சி ஓ இரண்டு’ என்பார், அவருக்கு இரண்டை. மூன்றாமவர் கண்ணால் வாய்ப்பாட்டைப் பார்த்து வாயால் கார்பன் டை ஆக்சைடு என்பார்; அவருக்கு ஆக்சைடை. எழுதுகிறவர் எந்த உருபைப் போட்டாலும் வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இடறும்.

சிறு கோடு போடுவது நூல்களில் நடைமுறையில் உண்டு. பலகையில் வேண்டாம் என்பேன். வாய்ப்பாட்டின் பக்கத்தில் ஒரு கோடு தனியே நின்றால் எதிர்மின் சுமையைக் குறிப்பதுபோல் தெரியும். குளோரின் குறியீட்டுக்குப் பின் கோடு போட்டு ஐ சேர்த்தால், படித்த கண் அதைக் குளோரைடு அயனியாக, அதாவது மின்சுமை ஏறிய குளோரினாக, வாசிக்கும். பெயின்டரின் தூரிகையில் அந்தக் கோடு எவ்வளவு நீளமாக வரும், எந்த உயரத்தில் வரும் என்பதும் நம் கையில் இல்லை.

அடுத்தது எண். உங்கள் வாசகத்தில் 2 எழுத்துக்குச் சமமான உயரத்தில் நிற்கிறது. அதைச் சிறிதாக்கிக் கீழே இறக்க வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த பெர்சீலியஸ் 1813, 1814 ஆண்டுகளில் இந்த எழுத்துக் குறியீடுகளை முன்வைத்தபோது சிற்றெண்ணை மேலே ஏற்றித்தான் எழுதினார். பிற்பாடு அது கீழே இறங்கியது. அயனியின் மின்சுமை மேலே இடம் பிடித்தது. முன்னால் நிற்கும் எண்ணுக்கும் கீழே இறங்கிய எண்ணுக்கும் வேலை வேறு. ‘2எச்₂ஓ’ என்றால் இரண்டு நீர் மூலக்கூறுகள். ‘எச்₂ஓ₂’ என்றால் ஹைட்ரஜன் பெராக்சைடு, வேறு பொருள்.

நான் வேலை பார்த்த ஓர் அச்சகத்தில், முதலுதவித் துண்டுப் பிரசுரம் ஒன்றில் எச்₂ஓ₂ என்பதன் கடைசி எண் உதிர்ந்துபோய் எச்₂ஓ என்று ஆயிரம் பிரதிகள் வெளியே போயின. மெய்ப்புப் பார்த்தவன் நான். பெராக்சைடு கரைசல் என்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் என்று நின்றது. யாருக்கும் தீங்கு வரவில்லை என்றாலும் அந்தத் தாளை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் பெயரையும் எழுதியிருந்தால் அந்தப் பிழை அன்றே கண்ணில் பட்டிருக்கும்.

வரி முடிவிலும் கவனமாக இருங்கள். ‘என்ஏஓ’ ஒரு வரியிலும் ‘எச்’ அடுத்த வரியிலுமாக உடைந்தால், முதல் வரியில் நிற்பது நாம் சொல்லவந்த பொருளே அல்ல. ஆங்கிலத்தில் எழுதும்போது ஓ எழுத்துக்குப் பதிலாகச் சுழியம் விழுவதும் அடிக்கடி நடக்கும் பிழை.

என் முடிவு: பலகையில் வாய்ப்பாட்டை எடுத்துவிடுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற பெயரே போதும்.

செம்பூர் ஆய்வகம் எழுதியது:

அச்சுக்கோப்பாளர் ஐயா சொன்னதில் கடைசி வரியைத் தவிர எல்லாவற்றையும் ஏற்கிறேன். வாய்ப்பாட்டை எடுத்துவிடக் கூடாது. பெயரும் இருக்க வேண்டும், பக்கத்திலேயே வாய்ப்பாடும் இருக்க வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளாகத் தர ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். பெயரை மட்டும் நம்பியதால் வந்த காயத்தை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

என் மாமா சலவைத் தொழில் செய்தவர். அவர் கொட்டகையில் மூன்று டப்பாக்கள் இருக்கும். மூன்றிலும் ‘சோடா’ என்றுதான் எழுதியிருக்கும். ஒன்று ஆப்பச் சோடா, என்ஏஎச்சிஓ₃. இன்னொன்று சலவைச் சோடா, என்ஏ₂சிஓ₃. மூன்றாவது காஸ்டிக் சோடா, என்ஏஓஎச். முதலாவதை மாவில் போடுகிறோம். மூன்றாவது தோலை அரித்துவிடும். ஈரக் கையோடு மூன்றாவது டப்பாவில் கைவிட்ட உதவியாளருக்கு இரண்டு விரல்களில் தோல் போனது. வாய்ப்பாடு எழுதியிருந்தால் அந்தப் பையன் வாசித்திருப்பானா என்று கேட்பீர்கள். வாசித்திருக்க மாட்டான். ஆனால் கடையிலிருந்து வாங்கி வந்து டப்பாவில் நிரப்பிய என் மாமா வாசித்திருப்பார். எதை எதில் கொட்டுகிறோம் என்று ஒரு கணம் நின்றிருப்பார். ‘உப்பு’ என்ற சொல்லும் இப்படித்தான். சமையலறையில் அது ஒன்றே ஒன்று. ஆய்வகத்தில் அது ஒரு பெரிய குடும்பம்.

தமிழ் எழுத்தா, ஆங்கில எழுத்தா என்ற கேள்விக்கு என் பதில்: இங்கே நாம் பேசிக்கொள்வதற்குத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதுவது சரி. பலகையில் வாய்ப்பாடு ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. வேதியியலிலோ அந்த வேறுபாட்டின் மேல்தான் எல்லாம் நிற்கிறது. பெரிய சி, பெரிய ஓ என்றால் கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு. பெரிய சி, சிறிய ஓ என்றால் கோபால்ட் என்ற உலோகம். உங்கள் பலகையில் ‘கோ’ என்று எழுதியவர் தெரியாமலே வாயுவை உலோகத்தின் பக்கம் தள்ளிவிட்டார். எச்சையும் எஃப்பையும் பெரிய எழுத்தில் எழுதினால் கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு. எஃப் சிறியதானால் ஹாஃப்னியம். பெயின்டருக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அழகுக்காக எழுத்தைச் சிறிதாக்கும் பழக்கம் பலருக்கு உண்டு.

கார்பன் மோனாக்சைடுக்குக் கீழே எண் கிடையாது. கார்பன் டை ஆக்சைடுக்கு உண்டு. அந்த ஒரு சிற்றெண் விழுந்தாலும் ஏறினாலும் ஆபத்தின் அளவே மாறிவிடும். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகளில் எட்டு மணி நேர வேலைக்கான சராசரி வரம்பு கார்பன் மோனாக்சைடுக்கு 50 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு), கார்பன் டை ஆக்சைடுக்கு 5,000 பிபிஎம். இடையில் நூறு மடங்கு. மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு பற்றிக்கொள்ளும். குழிக்குள் அது எங்கிருந்து வரும் என்றால், வாய்ப்பக்கம் நிறுத்தி வைத்த பம்ப் எஞ்சினின் புகையிலிருந்து வரும். எஞ்சினைத் தள்ளி நிறுத்தச் சொல்லி ஒரு வரி சேருங்கள்.

மூன்றாவது வாக்கியத்தில் எழுத்துக்கு அப்பாலும் ஒரு பிழை இருக்கிறது. எச்சிஎல் என்று வாய்ப்பாட்டை மட்டும் சொன்னால், கண்டிப்பாகப் பார்த்தால் அது ஹைட்ரஜன் குளோரைடு என்ற வாயு. நாம் ஊற்றுவது அந்த வாயு நீரில் கரைந்த அமிலம். அடர் அமிலம் என்று விற்பதிலும் எடையில் சுமார் 37 விழுக்காடுதான் அது. ஆய்வகத்தில் ‘எச்சிஎல் எடு’ என்று நாங்களும் பேசுகிறோம். எழுதும்போது ‘ஹைட்ரோகுளோரிக் அமிலம்’ என்றோ, உங்கள் ஆட்கள் சொல்வதுபோல் ‘ஆசிட்’ என்றோ எழுதுங்கள். இந்த ஒரு வரியில் எனக்கும் வாய்ப்பாடு வேண்டாம். கந்தக அமிலமானாலும் ஆபத்து ஒன்றுதான் என்பதால் ‘எந்த ஆசிட்டையும்’ என்பதே சரி.

உங்கள் அப்பா சொன்ன கால்வாயில் நடந்தது இதுதான். முடி நீக்கச் சோடியம் சல்ஃபைடு போடுவார்கள், என்ஏ₂எஸ். அதில் கந்தக அமிலம், எச்₂எஸ்ஓ₄, போய்ச் சேர்ந்தால் எச்₂எஸ் வெளியேறும். இந்த மூன்று வாய்ப்பாடுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எஸ் எங்கிருந்து எங்கே போகிறது, எச் எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்கே தெரியும். பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டால் இது தெரியாது.

அப்பாவின் வாக்கில் முதல் பாதியைத் தயவுசெய்து பலகையில் எழுதிவிடாதீர்கள். நாற்றம் மிகக் குறைந்த அளவிலேயே அடிக்கத் தொடங்கிவிடும். அடிக்கிறவரை பயமில்லை என்பது உண்மையல்ல. இரண்டாம் பாதி உயிர் காக்கும் அறிவு. சுமார் 100 பிபிஎம் அளவில் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துப்போகும். வாயு அங்கேயே இருக்கும், நாற்றம் மட்டும் மறைந்துவிடும். புத்தகம் படிக்காமல் அதைக் கண்டுகொண்டவரை நான் வணங்குகிறேன்.

சயான் தமிழாசிரியர் எழுதியது:

ஒரு சிறு இலக்கணக் குறிப்பு. உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’ என்பது நமக்குத் தெரியும். வாய்ப்பாட்டுக்கு முன் அதை எப்படி முடிவு செய்வது என்று மாணவர்கள் கேட்பார்கள். வாயில் வரும் ஒலியை வைத்துத்தான். ‘ஓர் எச்₂எஸ் மூலக்கூறு’, ஆனால் ‘ஒரு ஹைட்ரஜன் சல்ஃபைடு மூலக்கூறு’. ‘ஒரு சிஓ₂ மூலக்கூறு’, ‘ஓர் என்ஏ அயனி’. பொருள் மாறவில்லை, வாசிப்பு மாறுகிறது. பன்மையில் ‘சிஓ₂கள்’ என்று எழுதுவதைப் பார்க்கிறேன். ‘சிஓ₂ மூலக்கூறுகள்’ என்க. ‘என்ஏசிஎல் கரைசல்’ என்பதில் லகரத்தைத் திரித்து றகரமாக்கத் தேவையில்லை. குறியீட்டுக்குப் புணர்ச்சி கிடையாது. வாக்கியத்தை வாய்ப்பாட்டில் தொடங்குவதையும் தவிர்க்கலாம். வாசிப்பவர் மூச்சு எடுப்பதற்குள் புதிர் வந்து நிற்கும்.

மான்குர்ட் மேஸ்திரி எழுதியது:

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். நான் படித்தது குறைவு; எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நானும் இதே வேலையில் மேஸ்திரியாக இருக்கிறேன். அச்சுக்கோப்பு ஐயா வாய்ப்பாடு வேண்டாம் என்கிறார், ஆய்வகத்துக்காரர் வேண்டும் என்கிறார். எனக்கு வேண்டும். காரணம் மீட்டர்.

குழிக்குள் ஆள் இறங்கும் முன் கயிற்றில் கட்டி ஒரு மீட்டரை இறக்குவோம். அதன் திரையில் பெயர் வராது. எச்2எஸ், சிஓ, ஓ2 என்று ஆங்கில எழுத்தில் வரும். எரியும் வாயுவுக்குத் தனியாக ஒரு கட்டம். எங்கள் மீட்டரில் 2 கீழே இறங்கியும் இருக்காது, சம உயரத்தில்தான் இருக்கும். பலகையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று மட்டும் எழுதினால், மீட்டர் கத்தும்போது எது எகிறியிருக்கிறது என்று ஆள் எப்படிப் பலகையோடு சேர்த்துப் பார்ப்பான்? அதனால் பலகையில் இருக்கும் எழுத்தும் மீட்டரில் வரும் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கத்தில் தமிழ்ப் பெயர். அதற்குப் பக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது.

ஆக்சிஜனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல காற்றில் 20.9 காட்டும். 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் நாங்கள் யாரையும் இறக்க மாட்டோம். மீட்டரை மேலே மட்டும் காட்டிவிட்டு எடுத்துவிடக் கூடாது. நடுவிலும் அடியிலும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பலகை எழுதிவிட்டோம் என்று ஒப்பந்தக்காரர் கைகழுவிவிடக் கூடாது. கவசம் இல்லாமல் ஆளைச் சாக்கடைக்குள்ளோ கழிவுத் தொட்டிக்குள்ளோ இறக்குவதை, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்கும் 2013 சட்டம் தடை செய்திருக்கிறது. காற்று ஊதும் விசிறி, இடுப்புக் கயிறு, மேலே நிற்கும் ஆள் எல்லாம் இருக்கிறதா என்று உங்கள் தெருவில் விசாரியுங்கள்.

பழைய அச்சுக்கோப்பாளர் எழுதியது:

மேஸ்திரி தம்பி, மீட்டர் விஷயம் எனக்குத் தோன்றவேயில்லை. நான் தாளை மட்டும் நினைத்தேன். வாய்ப்பாட்டை எடுத்துவிடச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அம்மா, அப்படியானால் சிற்றெண்ணைக் கீழே இறக்குங்கள், ஆனால் மிகவும் சிறிதாக்கிவிடாதீர்கள். எழுத்தில் பாதி உயரத்துக்குக் குறைந்தால் தூரத்திலிருந்து புள்ளியாகத் தெரியும். மழை அழித்தால் முதலில் போவதும் அதுதான்.

தொண்ணூறடிச்சாலை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை அந்தப் பதினான்கு பேரில் எட்டுப் பேரை வகுப்பறையில் உட்கார வைத்து வாசகத்தைத் திருத்தினேன். அவர்கள் மீட்டரையும் கொண்டுவந்திருந்தார்கள். திரையைப் பார்த்து எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதினோம். திரையில் 2 சம உயரத்தில் இருப்பதையும் பலகையில் கீழே இறங்கி இருப்பதையும் காட்டி, இரண்டும் ஒன்றே என்று சொன்னபோது, மூத்தவர் உடனே, “அப்படியானால் முன்னால் 2 வந்தால் வேறா?” என்று கேட்டார். வேறு என்றேன். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் இன்னும் கேட்டு வாங்காத கேள்வி அது.

விசாரித்துப் பார்த்தேன். விசிறி இருக்கிறது. இடுப்புக் கயிறு இரண்டுதான் இருக்கிறது, இறங்குவது மூன்று பேர். மூன்றாவது கயிறு வரும்வரை இறங்க மாட்டோம் என்று அவர்களே ஒப்பந்தக்காரரிடம் சொல்லப் போகிறார்கள்.

பெயின்டருக்குக் கொடுத்த வாசகம் இது. இங்கே தமிழ் எழுத்தில் இருக்கும் வாய்ப்பாடுகள் பலகையில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் வரும். ஒவ்வொன்றும் வரி உடையாமல், தனிக் கட்டத்துக்குள்.

“மீட்டரை இறக்கிப் பார்க்காமல் குழிக்குள் இறங்காதீர்கள்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு, எச்₂எஸ்: முட்டை நாற்றம் அடித்தால் மேலே வாருங்கள். நாற்றம் திடீரென்று நின்றாலும் மேலே வாருங்கள். வாயு போய்விடவில்லை.

கார்பன் மோனாக்சைடு, சிஓ: நாற்றமே இருக்காது. பம்ப் எஞ்சினைக் குழியருகே நிறுத்தாதீர்கள்.

ஆக்சிஜன், ஓ₂: மீட்டரில் 19.5-க்குக் கீழே இருந்தால் இறங்காதீர்கள்.

எந்த ஆசிட்டையும் குழிக்குள் ஊற்றாதீர்கள்.”

எண்ணுக்குப் பின் ஒரு சிறு கோடு தப்பி வந்திருக்கிறது என்று இப்போதுதான் கவனித்தேன். ‘19.5 அளவுக்குக் கீழே’ என்று மாற்றிப் பெயின்டருக்குச் சொல்லி அனுப்புகிறேன். அவர் இன்னும் முதல் வரியில்தான் இருப்பார்.